துன்பத்துக்கு அர்த்தம் சொல்வது யார்? – ‘கருக்கு’, ‘கோவேறு கழுதைகள்’ முன்வைத்துச் சில கேள்விகள்

சேரியில் எழவு விழுந்தால் சாமியார் வருகிறார். செபம் முடிந்ததும் பிரசங்கம். ‘சாமி நம்மளச் சோதிக்கிறாரு, பொறுத்துக்கிட்டா மேல பலன் உண்டு’ என்கிற தோரணையில் அது போகும். செத்தவன் கல்குவாரியில் பாறை சரிந்து செத்திருக்கலாம். சாக்கடைக் குழிக்குள் மூச்சு முட்டிச் செத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் செத்திருக்கலாம். எப்படிச் செத்தாலும் பிரசங்கம் மட்டும் மாறாது. பாறையை உடைக்கச் சொன்னவன், குழிக்குள் இறக்கிவிட்டவன், வண்டி தர மறுத்தவன் யாரும் அந்தப் பிரசங்கத்துக்குள் வருவதில்லை. துன்பம் மழை மாதிரி மேலேயிருந்து பெய்கிறது, அதை நனைந்துதான் தீர்க்கணும் என்று சனத்துக்குச் சொல்லப்படுகிறது.

துன்பத்தில் நம்பிக்கை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாமல் நம் பாட்டன், பூட்டன் உயிரோடு இருந்திருக்கவே முடியாது. கேள்வி வேறு. ஒருவருடைய துன்பத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? பட்டவருக்கா, பார்த்தவருக்கா, படுத்தியவருக்கா? கிறித்தவ நம்பிக்கையைப் பற்றித் தலித் எழுத்து கேட்ட கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ (1992), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆகிய இரண்டு நூல்களை வைத்து இதைப் பேசலாம்.

*

முதலில் விவிலியத்துக்குள்ளேயே கிடக்கும் ஒரு கதை. யோபு மாடு, மந்தை, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழக்கிறான். உடம்பெல்லாம் புண். ஓட்டுச் சில்லை எடுத்துச் சொறிந்துகொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நண்பர்கள் துக்கம் கேட்க வருகிறார்கள். ஏழு நாள் வாயே திறக்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் சரி. எட்டாவது நாள் பேச ஆரம்பிக்கிறார்கள், எல்லாம் கெட்டது. ‘நீ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்க மாட்டார், தாழ்ந்துபோ, மன்னிப்புக் கேள்’ என்று ஆளுக்கொரு விளக்கம். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. ‘நான் என்ன தப்பு செய்தேன், எனக்குப் பதில் சொல்’ என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான்.

கதையின் முடிவைத்தான் நம் பிரசங்கிமார்கள் மறந்துவிடுகிறார்கள். கடவுளுக்குக் கோபம் வருகிறது. யோபுவின் மேல் அல்ல, அந்த நண்பர்கள் மேல். தன்னைப் பற்றி அவர்கள் பேசியது சரியில்லை, கத்திக்கொண்டிருந்த யோபு பேசியதே சரி என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். அடுத்தவனுடைய புண்ணுக்கு அர்த்தம் சொல்லக் கிளம்பியவர்களை அந்த நூலே கண்டித்துவிட்டது. ஆனாலும் நம் சபைகளில் பீடம் ஏறிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யோபுவின் நண்பர்களாகவே இருக்கிறார்கள்.

அம்பேத்கர் இந்த நோயைச் சரியாகவே அடையாளம் கண்டார். கிறித்தவம் தழுவிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி எழுதியபோது, அவர்கள் தங்கள் மேல் நடக்கும் அநியாயத்தை எதிர்த்துப் போராட முன்வராமல் இருப்பது ஏன் என்று கேட்டார். மனிதன் வீழ்ந்து கிடப்பதற்குக் காரணம் அவனுடைய பாவம்தான் என்று கற்பிக்கப்பட்டவன், தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தை எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவான்? உன் கேடு உனக்குள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வெளியே இருக்கிற பண்ணையாருக்கு வேலை மிச்சம். இந்துமதம் இதைப் ‘போன ஜென்ம வினை’ என்றது. திருச்சபை ‘ஜென்மப் பாவம்’ என்றது. ரெண்டு கோட்பாடும் ஒன்றல்ல என்று இறையியல் படித்தவர்கள் விளக்கலாம். சேரிச் சனத்தின் காதில் ரெண்டும் ஒரே மாதிரித்தான் விழுந்தது.

*

பொறுமையைப் போதித்த அதே திருச்சபை சுவரும் கட்டியது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோயில் ரெண்டு கூடமாகப் பிரிந்து கால்சட்டை மாதிரி நின்றது. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார் முதலானோர். பீடம் மட்டும் பொது. நடுச்சுவர் 1910-ல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணம் தனியே கிடக்க வேண்டும் என்று குறுக்கே சுவர் வைத்தார்கள். இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சாதிக் கொடுமை தாங்காமல் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்களோடு மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது.

கல்லறைச் சுவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பது கிறித்தவ விசுவாசத்தின் அடிக்கல். அதைப் பிரமாணமாக வாராவாரம் சொல்லுகிற வாயே, அந்த உடல்களை மண்ணுக்குள் வைக்கும்போது சாதி பார்க்கிறது. அப்படியானால் கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எழுகிறவனும் இந்தப் பக்கம் எழுகிறவனும் எப்படிச் சேருவார்கள்? சுவர் ஏறிக் குதித்தா? கேலிக்காகக் கேட்கவில்லை. மறுமை நம்பிக்கை என்று சொல்லப்படுவது உண்மையில் எவ்வளவு தூரம் நம்பப்படுகிறது என்பதற்குக் கல்லறைத் தோட்டத்தை விட நல்ல சாட்சி கிடையாது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஓர் அர்த்தம் சொன்னது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இதை ஆராய 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் போடப்பட்டது. ‘நீ கிறித்தவன், உனக்குத் தீண்டாமையே கிடையாது’ என்கிறது அரசு. ‘உண்டு, ஆனா பொறுத்துக்கோ’ என்கிறது சபை. இருக்கிற துன்பத்தை இல்லை என்பது ஒரு வகை, அதைப் புனிதம் என்பது இன்னொரு வகை. ரெண்டிலும் பட்டவன் பேச்சு எடுபடவில்லை.

*

இந்த இடத்தில்தான் ‘கருக்கு’ வருகிறது. மதுரை சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் அதை வெளியிட்டபோது இது நாவலா, தன்வரலாறா, இப்படியும் தமிழ் எழுதலாமா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. இலக்கணத் தமிழும் பூசைத் தமிழும் ஒதுக்கிவைத்த தெருப்பேச்சில் ஒரு பெண் தன் விசுவாசத்தைக் கணக்குப் பார்க்கிறாள் என்பது அப்போது பலருக்குப் பிடிபடவில்லை. என் வாசிப்பில் அது முதலாவதாக ஓர் இறையியல் நூல்.

சின்ன வயசில் பயத்தின் வழியாகவே கடவுள் அந்தப் பெண்ணுக்கு அறிமுகமாகிறார். பேய்க்கதை, பாவக்கணக்கு, மந்திரம் மனப்பாடம், தப்பினால் அடி. வளர்ந்து ஆசிரியை ஆகிறாள். ஏழைகளுக்காக வாழ்ந்த ஒரு சபை நிறுவனரின் வாழ்க்கையைப் படித்து, நாமும் நம் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று 1985-ல் மடத்தில் சேருகிறாள். உள்ளே போனால் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வசதியான சாப்பாடு. அந்த வசதிக்கு நடுவில் உட்கார்ந்து ‘ஏழ்மை’ வார்த்தைப்பாடு. அரிசனப் பெண்களைச் சில சபைகளில் எடுப்பதில்லை என்ற பேச்சும் காதில் விழுகிறது. ஏழு வருஷத்தில் வெளியே வருகிறாள்.

ஏழ்மை வார்த்தைப்பாட்டைப் பாமா காட்டுகிற விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். இருப்பவன் விட்டுக்கொடுத்தால் அது துறவு. ஒன்றுமே இல்லாதவளிடம் போய் ஏழ்மையை ஏற்றுக்கொள் என்றால் அதற்கு என்ன பெயர்? கீழ்ப்படிதலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கீழ்ப்படிந்தே முதுகு வளைந்த சனத்திலிருந்து வந்தவளுக்கு அதையே புண்ணியமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். யாருக்கு எது துன்பம், யாருக்கு எது தியாகம் என்பதைச் சாதியும் வர்க்கமும் தீர்மானிக்கின்றன. ஏசுவின் நீதியையும் கோபத்தையும் மறைத்துவிட்டு, சாந்தமான ஏசுவை மட்டும் தங்களுக்குக் காட்டினார்கள் என்பது பாமாவின் குற்றச்சாட்டு. அவர் ஏசுவை விடவில்லை. ஏசுவை யாரிடமிருந்து மீட்பது என்று கேட்கிறார்.

நூலில் கல்லறை ஒரு முக்கியமான இடம். கல்லறை நிலத்துக்காகச் சாலியர்களோடு சண்டை வருகிறது. போலீஸ் தெருவுக்குள் புகுந்து அடித்து ஆண்களை அள்ளிக்கொண்டு போகிறது. மிச்சம் இருந்தவர்கள் ஒளிகிறார்கள். தெருவில் பெண்களும் பிள்ளைகளும்தான். அந்த நேரத்தில் ஒரு பையன் செத்துப்போகிறான். பெற்ற தகப்பன் சேலை கட்டிக்கொண்டு பெண்ணைப் போல வந்து மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்கள்தான் கூலிக்குப் போகிறார்கள், ஒளிந்திருக்கிறவர்களைக் காப்பாற்றுகிறார்கள், துக்கத்தையும் சுமக்கிறார்கள்.

நற்செய்திக் கதையின் கடைசிப் பகுதியை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஏசுவைக் கொன்றபின் ஆண் சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடக்கிறார்கள். பெண்கள்தான் விடியக் கருக்கலில் கல்லறைக்குப் போகிறார்கள். உயிர்ப்பின் சேதி முதலில் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அவர்கள் பெரிய நம்பிக்கையோடு போகவில்லை. செத்த உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் போனார்கள். பாமாவின் தெருப் பெண்களும் தத்துவம் பேசி நம்பிக்கையைக் கண்டெடுக்கவில்லை. அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழி பார்ப்பது, ஆள் பிடிபடாமல் மறைப்பது, பிணத்தை அநாதையாக விடாமல் இருப்பது. கிறித்தவ நம்பிக்கை என்ற சொல்லுக்கு நம் சனத்திடம் இருக்கிற பொருள் இந்த வேலைகளுக்குள் கிடக்கிறது.

தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பனை மட்டையின் ரெண்டு ஓரத்திலும் ரம்பம் போல் இருப்பது கருக்கு. விறகு பொறுக்கப் போன பிள்ளையின் தோலைக் கிழித்தது. எபிரேயர் நிருபத்தில் கடவுளின் வார்த்தைக்கு உவமையாக வரும் இருபுறக் கூர்வாளோடு அதைச் சேர்த்துவைக்கிறார் பாமா. ஒடுக்கப்பட்டவர்களே அந்தக் கூர்மையான வார்த்தையாக மாற வேண்டும் என்கிறார். கிழித்த மட்டை நல்லது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. புண் ‘வரப்பிரசாதம்’ என்றும் சொல்லவில்லை. துன்பத்துக்குள்ளே அர்த்தம் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. பட்டவள் அதை எடுத்து என்ன செய்கிறாள் என்பதிலேதான் அர்த்தம் உண்டாகிறது. அதை அவள்தான் செய்ய முடியும். அவளுக்காக மடத்துத் தலைவி செய்து கொடுக்க முடியாது.

*

‘கோவேறு கழுதைகள்’ இந்தக் கேள்வியை இன்னும் கஷ்டமாக்குகிறது. ஆரோக்கியம் புதிரை வண்ணாத்தி. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிறவள், நல்லது கெட்டதுக்குத் தொழில் செய்கிறவள், அந்தோணியாரைக் கும்பிடுகிறவள். மகனைச் சாமியாருக்குப் படிக்கவைத்துவிட்டால் தன் குடும்பம் கரையேறிவிடும் என்பது அவள் கனவு. அவன் ஓடிவந்துவிடுகிறான். மகள் மேரி தெருக்காரன் ஒருவனால் சீரழிக்கப்படுகிறாள். களத்தில் தானியம் அளப்பது குறைகிறது. தொழில் கையை விட்டுப் போகிறது.

இங்கே துன்பம் தருகிறவர்கள் நாயக்கரோ ரெட்டியாரோ இல்லை, தலித்துகளே. இதனால் 90-களில் இந்த நாவல் தலித் இலக்கியம்தானா என்ற சண்டை நடந்தது. நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள் சிலர். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆரோக்கியத்தின் துன்பத்துக்கு ‘இது உட்பகை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாம் அர்த்தம் சொல்லத் தொடங்கினால், சாமியாரின் ‘பொறுத்துக்கோ’வுக்கும் நம்முடைய ‘பிறகு’க்கும் என்ன வித்தியாசம்?

நாவலின் மேல் எனக்குக் குறை உண்டு. ஆரோக்கியத்தின் நம்பிக்கை முழுக்கத் தெருவின் தயவை நம்பியே நிற்கிறது. ‘எங்க சனம் எங்களக் கைவுடாது’ என்ற நினைப்பு அவளுக்குக் கடைசி வரை விடவில்லை. ஊழியத்தையே உறவாக நினைக்கிறாள். அவள் கோபப்படுகிற இடங்களை ஆசிரியர் இன்னும் விரித்திருக்கலாம். ஆனால் ஒன்றை இமையம் விடாமல் பிடித்திருக்கிறார். அவளுடைய அழுகையை. அவள் அழுகை ஒப்பாரியின் இழுவையோடு வருகிறது. பேர் சொல்லி, நடந்ததைச் சொல்லி, சாமியையும் சேர்த்துக் கேட்டு அழுகிறாள். பூசைப் புத்தகத்தில் அந்த அழுகைக்கு இடம் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் உண்டு. அதன் கணிசமான பகுதி ‘ஏன் என்னைக் கைவிட்டாய்’ என்ற வகை முறையீடுதான். சிலுவையில் தொங்கியவனும் கடைசியில் அதைத்தான் எடுத்துக் கத்தினான். ஏசுவின் அந்த ஓலத்தைப் பெரிய வெள்ளியில் உருக்கமாகப் பிரசங்கிப்பவர்கள், நம் வீட்டுப் பெண்களின் ஒப்பாரியை ‘விசுவாசக் குறைவு, அஞ்ஞானப் பழக்கம்’ என்று அடக்கினார்கள். என்னைக் கேட்டால் ஆரோக்கியத்தின் ஒப்பாரியும் செபம்தான்.

*

தலித் இறையியல் இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1981-ல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த பேச்சு, பிறகு சென்னை குருகுலத்தில் தனித் துறையாக வளர்ந்தது. ஏசு ஒரு தலித், சிலுவையில் அவருடைய தலித்தன்மை வெளிப்படுகிறது என்றார் அவர். செயலுக்கு முன்னால் வலி இருக்கிறது, கடவுளை அறிவது அந்த வலியின் வழியே நடக்கிறது என்றார். மேல்சாதித் தத்துவத்தில் ஊறிய இந்திய இறையியலுக்கு இது பெரிய அடி. மறுக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். வலிதான் வாசல் என்றால், வலி தீர்ந்த அன்றைக்கு வாசல் அடைபடுமா? நம்மை என்றைக்கும் சிலுவையிலேயே வைத்து அழகு பார்க்கிற ஆபத்து இதில் இல்லையா? முழு மனிதராக ஆவதே இலக்கு என்று நிர்மலும் சொன்னார். அவரைப் படித்தவர்கள் பலர் வலியோடு நின்றுவிட்டார்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு – சனத்துக்குப் ‘பரட்டை’, 2005-ல் மறைந்தார் – இதை வேறு மாதிரி பார்த்தார். கர்நாடக ராகமும் மேல்நாட்டுக் கீதமும் ஆண்ட வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதை நற்கருணையின் பொருளாக்கினார். வலியைப் பேசியவர்தான், கூடவே சிரிக்கவும் ஆடவும் சாப்பிடவும் சொன்னார். ‘கருக்கு’ பிள்ளைகளின் விளையாட்டும் இதே சாதி. நாயக்கர் போல, போலீஸ் போல நடித்து அதிகாரத்தைப் பகடி செய்கிறதுகள். நம்பிக்கைக்கு இந்தப் பக்கமும் உண்டு.

உயிர்த்த ஏசு தழும்போடு வந்தார் என்கிறது நற்செய்தி. தழும்பைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர் தோமா. மயிலாப்பூரில் குத்துப்பட்டுச் செத்ததாக மரபு சொல்லும் அந்த ஆளைச் ‘சந்தேகத் தோமா’ என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். அவர் கேட்டது நியாயம். தழும்பை மறைத்துவிட்டு உயிர்ப்பைப் பேசுகிற திருச்சபையை எதற்கு நம்ப வேண்டும்? இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1.9 கோடியில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமையில் அவர்கள் மிகச் சொற்பம் என்றும் 2016-ல் ஆயர் பேரவையே எழுதி ஒத்துக்கொண்டது. 2022-ல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்லது. கல்லறைத் தோட்டங்களையும் காட்டுங்கள், தொட்டுப் பார்க்கிறோம்.

கடைசியாக, இந்தப் பக்கங்களைப் படிக்கிற தோழர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒன்று. மதம் அபின் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போவது நமக்குச் சுலபம். அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தி அழுகிற பெண்ணுக்குத் தன் துன்பம் புரியவில்லை, நமக்குத்தான் புரிகிறது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அதுவும் யோபுவின் நண்பர்கள் பேச்சுத்தான், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சு. அவளை நிற்கவைத்திருப்பதில் அந்த மெழுகுவர்த்திக்கு எவ்வளவு பங்கு, அவளைத் தடுத்துவைத்திருப்பதில் எவ்வளவு பங்கு என்று அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாமா தானே எழுதிச் சொன்னார். ஆரோக்கியங்கள் இன்னும் எழுதவில்லை. அவர்கள் ஒப்பாரியைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வேண்டும், விளக்கம் சொல்லாமல். எழுதிய கையோடு, அவர்கள் பிணம் எந்தச் சுவருக்குப் பின்னால் புதைக்கப்படுகிறது என்றும் போய்ப் பார்த்து, அதை இடிக்க வேண்டும்.